நாற்காலியின் எடை

அந்த முதியோர் இல்லத்தில் யாரும் கீழே விழுவதில்லை. வாசல் பலகையிலேயே அதைப் பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் வாய்விட்டுச் சிரிக்கிற கிழவர்கள், கிழவிகளின் படங்களைப் போட்டிருந்தார்கள். படத்தில் இருந்தவர்களுக்கு எல்லாப் பற்களும் இருந்தன. உள்ளே இருந்தவர்களின் பற்கள் அலுவலக அலமாரியில் இருந்தன. அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் மனைவியை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனும் ஆகியிருந்தது. "நல்லா சாப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகினா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். டிரைவரின் வீடு மாடியில். லிஃப்ட் கிடையாது. சாப்பாடும் நடைப்பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கட்டுமே என்று அவர் செய்த காரியம் இது. வேலைக்காலம் பூராவும் சிவப்பு விளக்கைக் கண்டால் நின்றவர், பச்சையைக் கண்டால் கிளம்பியவர். பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அது உண்மைதான் என்று நம்புகிற ரகம்.

அவர் மனைவி லாண்டரியில் வேலை பார்த்தவள். ஈரமான படுக்கை விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு இரண்டும் உருட்டுக்கட்டையாக இருந்தன. வீட்டில் எந்த ஜாடியின் மூடி இறுகிக்கொண்டாலும் டிரைவர் முக்கி முனகிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவளிடம்தான் நீட்டுவார். அவள் இவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே திருகில் திறந்து வைப்பாள். அந்தப் பார்வைக்காகவே சில ஜாடிகளை அவர் முயற்சி செய்யாமலே நீட்டியதும் உண்டு.

சேர்க்கும் நாளில் நிர்வாகி அம்மையார் தன் குளிரூட்டிய அறையில் அவர்களை வரவேற்றார்.

"இத இல்லம்னு நினைக்காதீங்க சார். குடும்பம். உங்க வீட்ல எப்படியோ, அப்படித்தான் இங்கயும்."

"எப்ப மேடம் திரும்பக் கூட்டிட்டுப் போகலாம்?" என்று கேட்டார் டிரைவர்.

"ரொம்ப எளிமையான விதி. எங்க மதிப்பீட்டுக் குழு முன்னால, யார் உதவியும் இல்லாம அவங்களே நாற்காலிய விட்டு எழுந்து நிக்கணும். நின்னுட்டாங்கன்னா அன்னிக்கே கிளம்பலாம்."

"அவ்வளவுதானே? அவ நின்னுடுவா மேடம். இவ கை பிடிச்சா பஸ்ஸே நிக்கும்."

நிர்வாகி அம்மையார் சிரித்தார். பக்கத்தில் நின்ற உதவியாளர்ப் பெண் குனிந்து, நாற்காலியில் இருந்த அந்த அம்மாளின் இடுப்பில் ஒரு பெல்ட்டைச் சுற்றி மாட்டினாள்.

"இது எதுக்கு?"

"விழாம இருக்க. இங்க யாரும் தானா எழுந்திருக்கக் கூடாது. ரெண்டு உதவியாளர் பக்கத்துல இருந்தாத்தான் எழுப்புவோம்."

இல்லத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஓர் உதவியாளர்தான். இரண்டாவது உதவியாளருக்கான பதவி எப்போதோ உருவாக்கப்பட்டுவிட்டது. ஆள்தான் உருவாகவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்த இல்லத்துக்குத் துரோகம் செய்ததாகிவிடும். அங்கே உணவு வகைகளுக்குப் பெயர் இல்லை, நிறம் மட்டுமே உண்டு. காலையில் வெள்ளை, மதியம் பச்சை, சாயங்காலம் பழுப்பு. எல்லாம் கூழ். ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்குத் தொண்டையில் ரொட்டித் துண்டு சிக்கிக்கொண்டதாம். அன்றிலிருந்து எல்லோருக்கும் எல்லாமே மிக்ஸியில் அடித்துத்தான். எல்லாம் கூழாகிவிட்டதால் பற்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. வேலையில்லாத பொருள் தொலைந்துவிடக் கூடாது என்று பல் செட்டுகளை எல்லாம் வாங்கி, கோப்பையில் போட்டு, பெயர் ஒட்டி அலமாரியில் பூட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருவர் கெட்டியான சாப்பாடு கேட்டபோது, "பல்லே இல்லாம எப்படித் தாத்தா மெல்லுவீங்க?" என்று அன்போடு விளக்கினார்கள்.

சமையலறைக்கு ஒன்றும் குறைவில்லை. கோழி வந்தது, மீன் வந்தது, முட்டையும் பாலும் பழமும் வந்தன. டிரைவர் தன் கண்ணால் பார்த்தார். ஆனால் எந்த உணவும் சுவைக்குழு சாப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் தராமல் முதியவர்களுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். சுவைக்குழுவில் நிர்வாகி, துணை நிர்வாகி, ஊட்டச்சத்து அதிகாரி, கணக்கர், தோட்ட மேற்பார்வையாளர் எல்லோரும் இருந்தார்கள். கடமையில் கண்ணாக இருந்தார்கள். ஒரு கோழியை ஒரே வாயில் மதிப்பிட முடியாது என்பதால் காலைத் தனியாக, நெஞ்சுக்கறியைத் தனியாக, இன்னொரு தடவை ஊர்ஜிதம் செய்துகொள்வதற்காகவும் தனியாகச் சாப்பிட்டார்கள். மிஞ்சிய எலும்பு வெந்த தண்ணீர் மிக்ஸிக்குப் போய்ப் பழுப்பாக வெளியே வந்தது.

"எங்க முதியவங்களுக்காக நாங்க எவ்வளவு சாப்பிடறோம்னு வெளியில யாருக்கும் தெரியாது சார்" என்றார் ஊட்டச்சத்து அதிகாரி, தன் பேன்ட் பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டே. அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

ஒரு நாள் மதியம் டிரைவர் போனபோது மனைவியின் முன்னால் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. தட்டில் ஒரு கிண்ணம், அதன் மேல் இறுக்கமான பிளாஸ்டிக் மூடி. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறக்கிற மாதிரியும் இல்லை, திறக்காத மாதிரியும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டு டீச்சரின் கிண்ணமும் மூடியபடியே இருந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடமே அதிரப் பாடிய டீச்சருக்கு இப்போது இருமக்கூடத் தெம்பில்லை.

உதவியாளர்ப் பெண் வந்து இரண்டு கிண்ணங்களையும் எடுத்து வண்டியில் வைத்தாள்.

"ஏம்மா, இன்னும் திறக்கவே இல்லையே!"

"நேரம் முடிஞ்சிடுச்சு சார். பரிமாறிட்டோம்னு நோட்டுல போட்டாச்சு."

"நீ கொஞ்சம் திறந்து குடுத்திருக்கலாமே?"

"மூடி திறக்கறது ஊட்டிவிடற பிரிவு சார். நான் பரிமாறுற பிரிவு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "திறந்து குடுத்தா எனக்கு மெமோ குடுப்பாங்க. போன தடவை குடுத்தாங்க."

ஊட்டிவிடும் பிரிவில் எத்தனை பேர் என்று டிரைவர் கேட்கவில்லை. அவருக்கும் இதற்குள் கொஞ்சம் விவரம் வந்திருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மூடிங்க" என்றாள். "ஒரு சின்ன மூடி."

மாதம் பிறந்தால் எடை பார்ப்பார்கள். தாழ்வாரத்தில் தரையோடு தரையாக ஒரு எடைமேடை. அதன் மேல் ஒவ்வொருவரையும் சக்கர நாற்காலியோடு ஏற்றி, எண்ணைப் பார்த்து, இறக்கிவிடுவார்கள்.

"நாற்காலியோடயா?" என்று டிரைவர் ஒரு தடவை கேட்டார்.

ஊட்டச்சத்து அதிகாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆளத் தனியாப் பிரிச்சுப் பாக்கறது பழைய முறை சார். நாங்க ஒருத்தரை அவங்க வாழற சூழலோட சேத்து முழுசாப் பாக்கறோம்."

அந்த அம்மாள் வந்தபோது உட்கார்ந்தது ஒரு லேசான நாற்காலி. நாளாக ஆக முதுகு நிற்கவில்லை. உடனே முதுகுப்பலகை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். பிறகு தலையும் சாய ஆரம்பித்தது. இரும்புச் சட்டமும் தலைத்தாங்கியும் கனத்த சக்கரங்களும் கொண்ட ஒன்று வந்தது. அதை அங்கே எல்லோரும் சிம்மாசனம் என்பார்கள். அவள் சுருங்கச் சுருங்க நாற்காலி பெருத்தது. மேடையில் எண் மட்டும் அசையவில்லை.

"பாத்தீங்களா? வந்தப்ப என்ன எடையோ அதே எடை. ஒரு இம்மிகூட குறையல" என்று அதிகாரி அறிவித்தார்.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையைத் தொட்டால் எலும்பு தட்டுகிறது. கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. மெஷினோ அப்படியே இருக்கிறது என்கிறது. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போய்வந்தார். கண்ணாடியை மாற்றியதுதான் மிச்சம். புதுக் கண்ணாடியில் மனைவி இன்னும் இளைத்துத் தெரிந்தாள்.

மதிப்பீட்டுக் குழு கூடியது. சுவைக்குழுவில் இருந்தவர்கள்தான் இதிலும். சாப்பாட்டுக்குப் பிறகு கூடியதால் இருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டைக் கழற்றினார்கள். அந்த அம்மாள் கைப்பிடியைப் பற்றி உந்தினாள். தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பு ஓர் அங்குலம் எழுந்தது, அப்படியே பொத்தென்று விழுந்தது. மறுபடி முயன்றாள். மூன்றாவது முறை எழும்பவே இல்லை.

"எடை குறையல. அதனால சாப்பாட்டுல குறையில்லன்னு ஆகுது" என்று அதிகாரி சொன்னார். "உடம்புல குறையில்லன்னா மனசுலதான் குறை. ஊக்கமின்மை."

குழு ஒருமனதாகச் சிகிச்சை எழுதியது. மறுநாள் அவள் கட்டிலுக்கு எதிரே ஒரு பெரிய படம் மாட்டப்பட்டது. பனிமலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒரு வாலிபன். அடியில், 'உன்னால் முடியும்.'

அன்று டிரைவர் அவள் போர்வையைச் சரிசெய்யப் போய்த் தொடையில் கை வைத்தார். கைக்குத் துணிதான் அகப்பட்டது. துணிக்குள் எலும்பு. சதை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வீட்டு மாடிப்படியை எல்லாம் ஏறி இறங்கிய கால் இது. இரண்டு கையிலும் துணி மூட்டையோடு ஏறிய கால். கீழே சமையலறையிலிருந்து கோழி வறுபடும் வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"உனக்குப் பசிக்கலயா?" என்று கேட்டார். இத்தனை நாளில் அதை ஒருத்தரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை, அவர் உட்பட.

"பசிச்சுப் பசிச்சு இப்பல்லாம் பசிக்கறதே இல்லங்க."

மறுநாளிலிருந்து டிரைவர் கடத்தல்காரர் ஆனார். வெளி உணவு கொண்டுவரக் கூடாது, அது இல்லத்தின் ஊட்டச்சத்துத் திட்டத்தைக் குலைத்துவிடும் என்று வாசலில் பையைச் சோதித்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் உரித்த முட்டையை வைத்துக் கொண்டுபோனார். சட்டைப் பையில் சீஸ் துண்டு, குடைக்குள் வாழைப்பழம். காவலாளி ஒரு முறை வாழைப்பழத்தைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்து, சுவைத்து, நன்றாக இருப்பதாக ஒப்புதலும் தந்தான். அதன்பின் காவலாளிக்கும் சேர்த்து ஒன்று கொண்டுபோனார். அவன் அதைத் தின்றுகொண்டே மற்றதை உள்ளே விட்டான்.

முட்டையை ஸ்பூனால் நசுக்கி, பாலில் குழைத்துக் கொடுத்தார். அவள் ஈறால் மென்றாள். முதல் வாயில் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து பாட்டு டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

"அவங்களுக்கும் குடுங்க" என்றாள் மனைவி.

"இது உனக்கே பத்தாது."

"குடுங்கன்னா."

கொடுத்தார். டீச்சர் பாதியிலேயே களைத்துப்போய்த் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பெல்ட் போடாத ஒரே இடம் கழிவறை. அங்கேதான் பயிற்சி நடந்தது. டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டு எதிரே நிற்பார். அவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வாள்.

"ம், ரைட்" என்பார் அவர், கண்டக்டர் மாதிரி.

"வண்டி கிளம்பலங்க."

"கிளம்பும். ரைட், ரைட்."

நாளடைவில் வண்டி கிளம்பியது. முதலில் பாதி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு பேசினைப் பிடித்தபடி நின்றாள். ஒரு நாள் கையை விட்டாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "அடப்பாவிங்களா, என்னை என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க" என்றாள். டிரைவர் அழுதார். வெளியே கேட்டுவிடும் என்று அவள்தான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுபடி குழு முன்னால் நிற்கத் தயார் என்று டிரைவர் போய்ச் சொன்னார். குழு இப்போதைக்குக் கூடப்போவதில்லை என்றார்கள். விருது விழா வருகிறது. வருஷம் முழுக்க ஒருவர்கூட விழாத இல்லம் என்று மேலிடம் அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. அது முடிந்த பிறகு பார்க்கலாம், அதற்குள் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றார்கள்.

விழா நாளில் கூடத்தில் பூத்தொட்டிகள் வைத்து, முதியவர்களை எல்லாம் தலைசீவி வரிசையாக நிறுத்தினார்கள். அதாவது, நாற்காலிகளை வரிசையாக நிறுத்தினார்கள். புகைப்படத்தில் பெல்ட் தெரிந்தால் கட்டிப் போட்டிருப்பது போல அசிங்கமாக இருக்கும் என்று நிர்வாகி அம்மையாருக்குக் கடைசி நேரத்தில் தோன்றியதால் எல்லாப் பெல்ட்டுகளையும் கழற்றச் சொன்னார். எழுந்துவிடுவார்களோ என்ற பயம் யாருக்கும் வரவில்லை.

நிர்வாகி அம்மையார் மைக்கைப் பிடித்தார்.

"விழுவது எங்கே தொடங்குகிறது? பலர் தரையைக் குறை சொல்கிறார்கள், செருப்பைக் குறை சொல்கிறார்கள். நாங்கள் ஆழமாகச் சிந்தித்தோம். ஒருவர் விழ வேண்டுமானால் முதலில் அவர் எழுந்து நிற்க வேண்டும். நாங்கள் அந்த வேரிலேயே கை வைத்தோம். நாங்கள் பொறுப்பேற்றபோது இங்கே பலர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். இன்று அந்த நிலைமை அறவே ஒழிந்துவிட்டது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் கூடத்தை நிறைத்தது. தட்டியவர்கள் எல்லோரும் நல்ல புஷ்டியானவர்கள், சத்தம் பலமாக இருந்தது. அடுத்து வந்த அறிவிப்பாளர், எந்த விழாவிலும் வாசிக்கிற அட்டையை எடுத்து வழக்கம்போல வாசித்துவிட்டார்.

"சிறப்பு விருந்தினருக்கு மரியாதை செலுத்தும் விதமாக அனைவரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஊழியர்கள் நின்றார்கள். நாற்காலி வரிசை அப்படியே இருந்தது. சிலர் மட்டும் காலை லேசாக அசைத்தார்கள், பழைய பழக்கம்.

பின்னால் சுவரோரம் நின்ற டிரைவரின் வாய் தானாக முணுமுணுத்தது. "ரைட், ரைட்."

சிம்மாசனத்தின் கைப்பிடியில் இரண்டு கைகள் அழுந்தின. லாண்டரிக்காரி எழுந்தாள். வளைந்து, ஆடி, அப்புறம் நிமிர்ந்து நின்றாள்.

"ஐயோ, நிக்கறாங்க!" என்று யாரோ அலறினார்கள். தீப்பிடித்த மாதிரி நாலு பேர் ஓடிவந்தார்கள். "உக்காருங்கம்மா! தயவுசெஞ்சு உக்காருங்க!" என்று நிர்வாகி அம்மையார் மைக்கிலேயே கத்தினார்.

"குழுவுல இருக்கறவங்க எல்லாரும் இங்கதானே இருக்கீங்க?" என்று அவள் கேட்டாள். குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது. "நல்லாப் பாத்துக்கங்க. யாரும் பிடிக்கல. நான் நிக்கறேன்."

சிறப்பு விருந்தினர் உள்ளம் உருகிக் கைதட்டினார். ஊட்டச்சத்து அதிகாரி சட்டென்று அவர் காதருகே குனிந்து, "எல்லாம் எங்க பச்சைக் கூழோட பலன் சார்" என்றார்.

விருந்தினரின் கார் கிளம்பிய கையோடு டிரைவரை அழைத்தார்கள். நின்ற ஒருத்தி எந்நேரமும் விழலாம், இப்படிப்பட்ட அபாயத்தை இல்லத்தில் வைத்துக்கொள்ள முடியாது, இன்றைக்கே அழைத்துப் போய்விட வேண்டும் என்றார் நிர்வாகி அம்மையார். டிரைவர் மனைவியின் பையை எடுக்க மாடிக்கு ஓடினார்.

போகிறவர்களைக் கடைசியாக ஒரு தடவை எடை பார்த்து அனுப்புவது வழக்கம். நாற்காலி இல்லத்தின் சொத்து, அதை அனுப்ப முடியாது. அதனால் அவளை இறக்கி, டிரைவரின் தோளைத் தொட்டுக்கொண்டு மேடையில் ஏறச் சொன்னார்கள். ஏறியதும் தோளை விட்டாள். எண் ஓடி நின்றது. வழக்கமான எண்ணில் பாதிகூட இல்லை.

"பாத்தீங்களா சார்?" ஊட்டச்சத்து அதிகாரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "இங்க இருந்த வரைக்கும் ஒரு இம்மி குறையல. வெளிய போறேன்னு கிளம்பின அன்னிக்கே பாதியாயிட்டாங்க. வீட்டுப் பராமரிப்பு ஆகாதுன்னு இதுக்குத்தான் சொல்றது."

டிரைவர் மேடையைப் பார்த்தார், மூலையில் நின்ற சிம்மாசனத்தைப் பார்த்தார், இத்தனை நாள் தன் கண்ணைத் திட்டிக்கொண்டிருந்ததை நினைத்தார். "மிச்ச எடையெல்லாம் அந்த நாற்காலிதானய்யா" என்றார் மெதுவாக.

அதிகாரி பெருமையோடு தலையை ஆட்டினார். "எங்க நாற்காலி ஒண்ணுகூட இதுவரைக்கும் எடை குறைஞ்சதில்ல சார்."

அலமாரியைத் திறந்து பற்களைக் கொடுத்தார்கள். அவள் அங்கேயே கழுவி மாட்டிக்கொண்டாள். ஈறு சுருங்கியதில் பல் கடகடவென்று ஆடியது. டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வாசலுக்கு வந்தாள். ஆட்டோவுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போனதும் என்ன வேண்டும் என்று கேட்டார். கடித்துச் சாப்பிடுகிற மாதிரி எதுவானாலும் சரி என்றாள்.

கண்ணாடிக் கதவு வழியாகத் தாழ்வாரம் தெரிந்தது. உதவியாளர்ப் பெண்ணும் இன்னொருவரும் பாட்டு டீச்சரை அவருடைய லேசான நாற்காலியிலிருந்து தூக்கினார்கள். இரண்டு பேருக்கு அங்கே வேலையே இல்லை, ஒருத்தி ஒரு கையால் தூக்கியிருக்கலாம். காலியான சிம்மாசனத்தில் அவரை வைத்து, பெல்ட்டை மாட்டி, மேடையில் ஏற்றினார்கள். அதிகாரி குனிந்து எண்ணைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"டீச்சருக்கு எடை கூடியிருக்கு!" என்று அவர் கூவியது வாசல்வரை கேட்டது. உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள்.

டீச்சரின் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு அந்த மூக்குக்கண்ணாடிக் கூட்ட இங்க எடுத்துட்டு வாங்க. அவங்களுக்கு யாரும் இல்ல."